டிபன் பையில் போன பூச்சாடி

முதலில் என் மடத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதைவிட அது கௌரவம். பதினொரு வயதில், எங்கள் வீட்டுக்கு வெளிநாட்டிலிருந்து வந்த ஒரே பார்சலின் மூலையை நான் கிழித்தேன். அந்த மூலையில் நாலு தபால்தலைகள் இருந்தன. அனுப்பியவர் முகவரியும் அதே மூலையில்தான் இருந்தது. தபால்தலைகளை ஊறப்போட்டு உரித்து, மறுநாளே பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு முக்கோணத் தபால்தலைக்கு நாலையும் கைமாற்றினேன். மீதிக் காகிதம் வெந்நீர் அடுப்புக்குப் போயிற்று.

பார்சல் என் அக்கா ஞானத்துக்கு வந்தது. அனுப்பியவர் அவள் கணவர், செல்வராஜ் அத்தான். கல்யாணமான நாலாவது மாதம் கப்பல் வேலைக்குப் போனவர். முதல் வருடம் துறைமுகத்துக்கு ஒன்றாகக் கடிதம் போட்டார். அப்புறம் நிறுத்தினார். மூன்றாம் வருடம் இந்தப் பார்சல். உள்ளே வைக்கோலுக்கு நடுவே ஒரு கண்ணாடிப் பூச்சாடி இருந்தது. ஒரு வரி எழுத்து இல்லை. அதற்குப் பிறகு எதுவுமே இல்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து அக்கா வந்தபோது என் திருப்பணி முடிந்திருந்தது. எந்த நாட்டுத் தபால்தலை என்று கேட்டாள். எழுத்து புரியவில்லை, ஒன்றில் ஒரு ராஜா இருந்தார் என்றேன். அந்தக் காலத்தில் உலகத்தில் ராஜாக்களுக்குப் பஞ்சமே இல்லை. அன்றைக்கு வாங்கிய அடி எனக்கு இன்னும் ஞாபகம். அதன்பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. அதுதான் பெரிய அடி.

எங்கள் ஊர் நாகர்கோவில். அங்கே கோயிலில் ஞாயிறு ஜெபத்தில் தூரதேசத்தில் இருக்கிறவர்களுக்கென்று ஒரு பட்டியலும் மரித்தவர்களுக்கென்று ஒரு பட்டியலும் வாசிப்பார்கள். அத்தான் பெயர் முதல் பட்டியலிலேயே ஐம்பது வருடமாக இருக்கிறது. ஒரு பாதிரியார் மெதுவாக, இரண்டாவது பட்டியலுக்கு மாற்றலாமா என்று கேட்டார். எந்த ஊரில் செத்தார் என்று விசாரித்துச் சொல்லுங்கள், நானே எழுதித் தருகிறேன் என்றாள் அக்கா. அவளுக்கு வேண்டியது அந்த ஊர் ஒன்றுதான். பூச்சாடியைச் செய்தவர் யார் என்று தெரிந்தால் ஊர் தெரிந்துவிடும்.

ஓய்வு பெற்றதும் நான் பழம்பொருள் ஆர்வலர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்து மூன்றே மாதத்தில் கண்ணாடி நிபுணன் ஆனேன். பூச்சாடி ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவு. தேன் நிறம். உடம்பெல்லாம் மரப்பட்டை மாதிரி சொரசொரப்பு, ஒரு பக்கம் மட்டும் வெட்டிய கிளையின் முண்டு. அடியில் ஊசியால் கீறினாற்போல 212/1. வெனிஸ் நகரத்துக் கைவேலை, இருநூற்றுப் பன்னிரண்டில் முதலாவது என்று குழுவில் தீர்ப்பு எழுதினேன். பதினெட்டுப் பேர் கைதட்டினார்கள். அவர்களும் என்னைப் போன்ற நிபுணர்களே.

என் மருமகன் விமலுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கண்ணாடித் தொழிற்சாலையில் வேலை. அவன் பென்னலூர்ப் பையன். அதே பக்கம் போன் தயாரிக்கும் கம்பெனியில் வேலைக்குப் போன என் மகள் ஷீபா அவனைக் கண்டுபிடித்தாள். எங்கள் குடும்பத்தில் ஒழுங்காக நடந்த ஒரே கண்டுபிடிப்பு அது. அவன் கம்பெனிக்கு உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பொறியாளர்கள் வந்துபோவார்கள். வருகிறவர்களிடமெல்லாம் என் தொல்லை தாங்காமல் பூச்சாடியின் படத்தைக் காட்டுவான். பிரெஞ்சுக்காரர் தோளைக் குலுக்கினார். கொரியாக்காரர் மரியாதைக்காகத் தன் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார். போன மாதம் உலை வேலைக்கு வந்த சுவீடன்காரர் லார்ஸ் மட்டும் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்து, அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். அடிப்பாகத்தை நான் எடுத்திருந்த படத்தில் என் மூக்கு மட்டும்தான் தெளிவாக விழுந்திருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவருக்கு விமானம்.

அக்கா பூச்சாடியைத் தன் பழைய வெள்ளைச் சேலையில் சுற்றித் தந்தாள். “கத ஒண்ணும் கொண்டு வராண்டாம். ஊரு பேரு கொண்டு வா, போதும்” என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை தாம்பரத்தில் இறங்கினேன். விமலும் ஷீபாவும் குடியிருக்கும் சேரப்பணஞ்சேரிக்கு எந்த பஸ் என்று கேட்டதற்கு ஒருவர் ரோட்டைப் பார்த்துக் கையை நீட்டினார். அவர் நீட்டிய திசையில் ஒரு வெள்ளை பஸ் நின்றது. ஏறினேன். ஏசி. மெத்தை இருக்கை. டிக்கெட் கேட்க ஆள் இல்லை. எங்கள் ஊர் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று பழகியவனுக்கு இது வெளிநாடு மாதிரி இருந்தது. ஒரு விஷயம்தான் உறுத்தியது: எல்லாரும் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தபடி தூங்கினார்கள்.

படப்பை போயிற்று. சேரப்பணஞ்சேரியும் போயிற்று. எழுந்து கத்தினேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். “இன்னா பெர்சு, எந்த ஷிஃப்ட்டு நீ?” என்றார். நான் விளக்கினேன். “இது கம்பெனி பஸ்ஸு. கேட்டாண்டதான் நிக்கும்” என்று சொல்லிவிட்டு அந்தக் கண்ணையும் மூடிக்கொண்டார். ஒரகடத்தைத் தாண்டி ஏதோ ஒரு டயர் கம்பெனி வாசலில் நானும் பூச்சாடியும் இறங்கினோம். விமல் பைக்கில் வந்து மீட்டான். “நல்லவேள மாமா, உங்கள லைன்ல நிக்க வெக்காம வுட்டாங்கோ” என்றான்.

அந்தச் சாலையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் சாலையைக் கடக்கும்போது மழை வருகிறதா என்று பார்ப்போம். இங்கே கன்டெய்னர் லாரி, அதன்பின் புதுக் கார்களை முதுகில் ஏற்றிய இன்னொரு லாரி, அதன்பின் இன்னொரு கன்டெய்னர். இடைவெளி வருவதற்குள் ஒரு டீ குடித்து முடிக்கலாம். குடித்தேன். டீக்கடையில் இட்லியும் இருந்தது, ஒடிசாக்காரர்களுக்குப் பூரியும் இருந்தது. கடைக்காரர் ஒரே மூச்சில் தமிழில் திட்டிவிட்டு இந்தியில் சமாதானம் சொன்னார்.

புதன்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்குத் தொழிலாளர்களின் குடும்பத்தாரைத் தொழிற்சாலைக்குள் விடுவார்கள், அப்படி ஒரு வழக்கம். லார்ஸை ஓட்டலில் பார்க்கலாம், பூச்சாடி வீட்டில் இருக்கட்டும் என்றுதான் விமல் சொன்னான். கண்ணாடி பிறக்கிற இடத்திலேயே கண்ணாடியைக் காட்டுவதுதான் முறை என்றேன் நான். என்ன முறையோ.

வாசலில் எத்திராஜ் என்ற காவலர், பெரிய நோட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே கொண்டுபோகிற பொருளை எல்லாம் சொல்ல வேண்டும். எனக்கு முன்னால் நின்றவர் பால் புட்டியைக்கூடச் சொன்னார். என் முறை வந்தது. பையில் என்ன என்று கேட்டார். பூச்சாடி, அக்கா, கப்பல், சுவீடன் என்று ஆரம்பித்தால் வரிசை நகராது. அதோடு எனக்கு நாக்கில் ஒரு வியாதி உண்டு. “டிபன்” என்றேன். நோட்டில் ‘டிபன் பை 1’ என்று ஏறியது. நான் கண்ணடித்தேன், விமல் கவனிக்கவில்லை.

உள்ளே ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சந்தனப் பொட்டு. ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் இரண்டு கொம்பிலும் வாழைக்கன்று. உலையிலிருந்து கண்ணாடி ஒரே நீளத் தகடாக ஆறு மாதிரி வந்துகொண்டிருந்தது. பூஜை என்றாலும் அதை நிறுத்த முடியாதாம். லார்ஸ் அறுபத்தைந்து வயது மனிதர், நெட்டை, நெற்றி நிறையக் குங்குமம், கழுத்தில் மாலை. சிக்கிக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி நின்றார்.

பூஜை மேசையில் சாமந்திப் பூக்கள் வைக்கப் பாத்திரம் இல்லாமல் ஒரு பெண் முழித்தாள். நான் பூச்சாடியை எடுத்து நீட்டினேன். உதவி செய்வதாக நினைப்பு. லார்ஸ் கண்ணில் படட்டும் என்ற சாமர்த்தியமும்தான். பட்டது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். பூவைத் தொடவில்லை, பட்டைமேல் உள்ளங்கையை வைத்துக் கிளை முண்டை விரலால் தடவினார். “எங்கே கிடைத்தது இது?” என்று கேட்டார். நான் அத்தான் கதையை ஆரம்பிப்பதற்குள் அவர் கையில் ஒரு பூசணிக்காயைக் கொடுத்து வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். உடைத்தார். கைதட்டினார்கள். அப்படியே காரில் ஏற்றிப் பெரிய அதிகாரிகளோடு விருந்துக்கும் கொண்டுபோய்விட்டார்கள்.

பொரிப் பொட்டலம் ஒரு கையிலும், பூவை எடுத்துவிட்ட பூச்சாடி மறுகையிலுமாக நான் வெளியே வந்தேன். எத்திராஜ் எழுந்து நின்றார்.

“இது இன்னா சார்?”

என் அக்காவுடையது, காலையில் கொண்டுவந்ததுதான் என்றேன். அவர் நோட்டைப் புரட்டினார். “டிபன் பைதான கீது?” என்றார். அந்தப் பைக்குள்தான் இது இருந்தது என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டிபனுக்குக் கண்ணாடி துன்வியா சார்?”

அவர் வாதத்தில் ஓட்டையே இல்லை. இந்தக் கம்பெனியில் செய்வது கண்ணாடி. கண்ணாடி வெளியே போகாமல் பார்க்கத்தான் அவருக்குச் சம்பளம். உள்ளே வந்ததாக எழுதாத கண்ணாடி, உள்ளேயே பிறந்த கண்ணாடி. இங்கே தட்டைக் கண்ணாடி தவிர வயிறு வைத்த கண்ணாடி எதுவும் செய்வதில்லையே என்றேன். வயிறு இருந்தால் என்ன, தொப்பை இருந்தால் என்ன, கண்ணாடி கண்ணாடிதானே என்றார். விமல் ஓடி வந்தான். அவன் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. “ஏன் மாமா டிபன்னு சொன்னீங்கோ? ஃப்ளவர்வாஸ்னு சொல்லியிருந்தா, திருப்பி எட்த்துனு போறதுக்கு ஒரு பாஸ் எழுதிக் குட்த்திருப்பாங்கோ” என்றான். இனி ஸ்டோர்ஸ் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் விஜயதசமி, அலுவலகம் விடுமுறை. வெள்ளிக்கிழமைதான்.

எத்திராஜ் பூச்சாடிக்கு ஒரு சிவப்பு அட்டை கட்டினார். ‘சொந்தக்காரர் தெரியவில்லை’ என்று எழுதி, அறைக்குப் பின்னால் இருந்த அலமாரித் தட்டில் வைத்தார். சொந்தக்காரியின் தம்பியான நான் இரண்டடி தூரத்தில் பொரி தின்றுகொண்டு நின்றேன்.

வியாழக்கிழமை செய்ய ஒன்றுமில்லை. ஷீபாவுக்கு ஓவர்டைம். விமல் என் வாயை அடைக்க ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கொரியா சாப்பாட்டுக்கடைக்குக் கூட்டிப்போனான். பலகையில் ஒரு எழுத்தும் புரியவில்லை. பதினொரு வயதில் பார்சலின் முன்னால் நின்ற அதே நிலை. நல்லவேளை, கிழிக்க எதுவும் இல்லை. முட்டைக்கோஸை ஊறுகாய் மாதிரி புளிக்கவைத்துத் தந்தார்கள். கொதிக்கிற கல் சட்டியில் சூப். எங்கள் ஊர் மீன்குழம்பு இதைவிட எரிக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் எனக்குக் கண்ணில் தண்ணீர்.

பக்கத்து மேசையில் ஒரு கொரியாக்காரர் தனியாக உட்கார்ந்து போனில் மனைவியோடு பேசினார். போனைச் சட்டிப்பக்கம் சாய்த்துச் சூப்பைக் காட்டினார். பரிமாறின மணிப்பூர்ப் பெண்ணுக்குக் கொஞ்சம் கொரிய மொழி தெரியும். என்ன பேசுகிறார் என்று கேட்டேன். ‘இங்கேயும் நம் வீட்டு ருசிதான், ஆனால் நீ இல்லை’ என்கிறாராம். எனக்கு அத்தான் ஞாபகம் வந்தது. அவர் காலத்தில் போனா, படமா? எந்தத் துறைமுகத்தில் காய்ச்சலில் கிடந்தாரோ, கடைசிச் சம்பளத்தில் அந்தப் பூச்சாடியை வாங்கி அனுப்பிவிட்டுத்தான் கண்ணை மூடினாரோ. சூப் எரிச்சலோடு கொஞ்சம் அழுதேன். விமல் தண்ணீரை நகர்த்தி வைத்தான்.

திரும்பி வரும்போது அக்கா கூப்பிட்டாள். ஊர் தெரிந்ததா என்றாள். நாளைக்குத் தெரிந்துவிடும் என்றேன். பூச்சாடி பத்திரமா என்றாள். காவல் போட்டு வைத்திருக்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குக் கையெழுத்தான காகிதத்தோடு வாசலுக்குப் போனோம். அலமாரித் தட்டு காலி. எத்திராஜ் தலையைச் சொறிந்தார். பூஜை முடிந்த மறுநாள் குப்பை எடுக்க வந்தவர்கள், சிவப்பு அட்டை கட்டியதையெல்லாம் கழிவு என்று அள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். அங்கே அதுதான் விதி: சொந்தக்காரர் இல்லாத பொருள் இடத்தை அடைக்கக் கூடாது. விடுமுறையில் வந்த மாற்றுக் காவலர் விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறார்.

தொழிற்சாலையின் பின்பக்கத்தில் ஆள் உயர இரும்புத் தொட்டி. உடைந்த பூசணிக்காய், வாடிய மாலை, வாழைத்தண்டு. என்னால் ஏற முடியவில்லை. எத்திராஜ் தொப்பியை என்னிடம் கொடுத்துவிட்டுத் தானே உள்ளே இறங்கினார். பூசணி விதை ஒட்டின துண்டுகளை ஒவ்வொன்றாக நீட்டினார். ஒன்பது துண்டு. அடிப்பாகம் மட்டும் கனம், அது முழுசாக இருந்தது. சட்டையில் துடைத்து எண்ணைப் பார்த்தார். “சர்வே நம்பர் மாதிரி கீது. எங்க நெலத்துக்கும் இப்டிதான் ஒண்ணு இருந்துச்சி” என்றார். பிறகு தொட்டிக்குள்ளிருந்தே, கோபமில்லாமல், “நீ கண்ணாடின்னு சொல்லியிருந்தா நானே பத்திரமா பாத்துனு இருந்திருப்பேன் சார்” என்றார். நான் அவர் தொப்பியைத் துடைத்து, அவர் ஏறி வரக் கை கொடுத்தேன்.

லார்ஸ் கேன்டீனில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். செய்தித்தாளை விரித்துத் துண்டுகளைக் கொட்டினேன். அவர் முகம் சுருங்கியது. அப்புறம் அடிப்பாகத்தை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்தார். மூக்குக்கண்ணாடிகூட வேண்டியிருக்கவில்லை.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை இங்கே தமிழில் தருகிறேன். அவர் ஊரில், காட்டுக்கு நடுவே, ஒரு சின்னக் கண்ணாடிப் பட்டறை இருந்தது. அவர் அப்பா அங்கேதான் வேலை பார்த்தார். எழுபதுகளில் வெளிநாட்டு ஆட்களும் வந்து வேலை செய்தார்கள், அதில் கப்பலைவிட்டு இறங்கியவர்களும் உண்டு. இப்போது பட்டறையை மூடிவிட்டார்கள். ஊர் பெயரைச் சொன்னார். நாக்கில் நிற்காத பெயர். நாலு முறை சொல்லச் சொல்லி உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். ஐம்பது வருடக் கணக்கு ஒரு மேசையில் தீர்ந்துவிட்டது, உடைந்தால் உடைந்துபோகிறது என்று நினைத்தேன்.

கடையில் வாங்கியதாகத்தான் இருக்கும், இல்லையா என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்கு.

“இது கடைக்கு வராது” என்றார் லார்ஸ். “பட்டறையில் வேலை செய்கிறவர் அந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டால், பட்டறை ஒரு ஜோடி தரும். ஒன்றில் கிளை இடப்பக்கம், மற்றதில் வலப்பக்கம். பக்கத்தில் வைத்தால் இரண்டு முண்டும் சேரும். இது இருநூற்றுப் பன்னிரண்டாவது கல்யாணம். ஜோடியில் முதலாவது. என் அம்மா வீட்டில் இருப்பது நூற்று எண்பத்தேழு.”

விமல் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தான்.

யாராவது நண்பர் கொடுத்திருக்கலாமே என்றேன். லார்ஸ் யோசித்தார். வீட்டை விற்றவர்களைத் தெரியும், ஜோடியைப் பிரித்து அடுத்தவருக்குக் கொடுத்தவரைத் தெரியாது என்றார். திருடு போயிருக்கலாமே என்றேன். சிரிக்கவில்லை அவர். பரிசுப் பதிவேடு இப்போது ஊர் நூலகத்தில் இருக்கிறது, தன் தங்கைதான் அங்கே வேலை பார்க்கிறாள், எண்ணைச் சொன்னால் இரண்டு பெயரும், அதன்பிறகு அவர்கள் எங்கே போனார்கள் என்பதும் தெரியும் என்றார். “கேட்கட்டுமா?” என்றார். அப்போதுதான் நான் அவரிடம், இதை அனுப்பியவர் என் அக்காவை ஏற்கெனவே கல்யாணம் செய்திருந்தவர் என்பதைச் சொன்னேன். அவர் கையில் இருந்த அடிப்பாகத்தை ரொம்ப மெதுவாகச் செய்தித்தாளில் வைத்தார்.

அக்காவிடம் கேட்காமல் சொல்ல முடியாது. கேன்டீனுக்கு வெளியே கைகழுவும் குழாயடியில் நின்று கூப்பிட்டேன். மூன்று பொய் தயாராக வைத்திருந்தேன், மூன்றும் நன்றாகவே இருந்தன. முதல் மணியிலேயே எடுத்தாள். நாட்டைச் சொன்னேன். ஊரைச் சொன்னேன். இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள். அவள் எழுதுவது தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அங்கே அவர் என்ன வேலை பார்த்தாராம் என்று கேட்டாள். அவ்வளவு ஆசையாகக் கேட்டாள். அந்தக் குரலிடம் மூன்று பொய்யில் ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. பட்டறை, கல்யாணம், ஜோடி எல்லாவற்றையும் சொன்னேன். என்னால் பூச்சாடி உடைந்ததையும் சொன்னேன். ஆனால் அதைக் காதில் வாங்கினாளா என்று தெரியவில்லை.

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடினேன். லார்ஸ் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், எண்ணைக் கொடுத்தால் இன்றைக்கே விசாரித்துவிடுவார், அத்தான் உயிரோடு இருந்தாலும் இருக்கலாம், தேடச் சொல்லட்டுமா அக்கா என்று கேட்டேன்.

“தேடாண்டாம். ஆளு கெடச்சாச்சு.”